ஒரு சூத்திரம், பல உரைகள்: குவாண்டம் கோட்பாட்டில் தகராறு எங்கே இருக்கிறது?

குவாண்டம் கோட்பாடு யாருக்குமே புரியாது என்று ஒரு பேச்சு உண்டு. அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. கணக்குப் போடுவதில் இங்கே யாருக்கும் குழப்பம் கிடையாது. எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனைக் கோட்பாட்டிலிருந்து கணக்கிட்டாலும், ஆய்வகத்தில் அளந்து பார்த்தாலும், இரண்டு விடைகளும் லட்சம் கோடியில் ஒரு பங்கு வரை ஒத்துப்போகின்றன. எதிரெதிர் முகாம்களில் நிற்கும் இரண்டு இயற்பியலாளர்களிடம் ஒரே சோதனையைக் கொடுங்கள். இருவரும் ஒரே எண்ணைத்தான் எழுதித் தருவார்கள். அந்த எண் எதைப் பற்றிப் பேசுகிறது என்று கேட்டால்தான் வழக்கு தொடங்கும்.

மூலம் ஒன்று, உரை பல என்பது தமிழில் படித்தவர்களுக்குப் பழகிய நிலைமை. குவாண்டம் கோட்பாட்டின் நிலையும் கிட்டத்தட்ட அதுதான். ஒரு சிக்கல் மட்டும் கூடுதல்: இங்கே உரை என்ற பெயரில் உலவுகிறவற்றில் சில, உண்மையில் பாடபேதங்கள். அவை மூலத்தின் ஒரு வரியையே மாற்றிவிடுகின்றன. மாற்றிய வரியைச் சோதனை வைத்துப் பிடிக்கலாம்; வெறும் உரையை அப்படிப் பிடிக்க முடியாது. ஆகவே முதலில் மூலத்தைப் பார்த்துவிடுவோம்.

மூலத்தின் மூன்று விதிகள்

1925-ல் ஹைசன்பர்க், 1926-ல் ஷ்ரோடிங்கர், அதே ஆண்டில் மாக்ஸ் போர்ன். இவர்கள் எழுதியதைப் பிழிந்தெடுத்தால் மூன்று விதிகள் மிஞ்சும்.

முதல் விதி: ஒரு பொருளின் நிலையை எண்களின் பட்டியலாக எழுதலாம். நிகழக்கூடிய ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு வீச்சு என்று பெயர். அது நேர்மமாகவும் இருக்கலாம், எதிர்மமாகவும் இருக்கலாம், கலப்பெண்ணாகவும் இருக்கலாம். முழுப் பட்டியலுக்கும் சேர்த்து அலைச்சார்பு என்று பெயர்.

இரண்டாம் விதி: அளக்காமல் விட்டால் இந்தப் பட்டியல் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டின்படி சீராக மாறிக்கொண்டே போகும். இதில் தற்செயலுக்கு இடமே இல்லை. இன்றைய பட்டியல் தெரிந்தால் நாளைய பட்டியல் உறுதி. அதோடு, இந்தச் சமன்பாடு நேரியல்: இரண்டு நிலைகளின் கூட்டை உள்ளே அனுப்பினால் இரண்டின் கூட்டுதான் வெளியே வரும், ஒன்று மட்டும் வராது.

மூன்றாம் விதி: அளந்தால், வீச்சின் அளவை வர்க்கம் எடுத்தால் வருவதுதான் அந்த விளைவின் நிகழ்தகவு. வீச்சுகள் 0.6, 0.8 என்றால் நிகழ்தகவுகள் 36 சதவீதம், 64 சதவீதம். அளந்து முடித்ததும், கிடைத்த விடைக்கு 1, மற்றதற்கெல்லாம் 0 என்று பட்டியலைத் திருத்தி எழுதிக்கொள்ள வேண்டும். இந்தத் திருத்தத்துக்குத்தான் அலைச்சார்பின் சரிவு என்று பெயர்.

எதிர்ம எண் ஏன் முக்கியம் என்பதை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம். விழும் ஒளியில் பாதியைக் கடத்திப் பாதியைத் திருப்பும் அரைக்கண்ணாடி ஒன்றில் ஒற்றை ஃபோட்டானை, அதாவது ஓர் ஒளித்துகளை, விடுகிறோம். அது மேல்வழி, கீழ்வழி என்று இரண்டு பாதைகளாகப் பிரிகிறது. இரண்டு பாதைகளையும் இன்னோர் அரைக்கண்ணாடியில் சேர்த்து, அதன் இரு பக்கமும் உணர்கருவி வைக்கிறோம். கண்ணாடியின் விதி இது: மேலிருந்து வந்தால் இரு பக்கத்துக்கும் 0.707 வீச்சு. கீழிருந்து வந்தால் மேலே 0.707, கீழே −0.707.

முதல் கண்ணாடிக்குப் பிறகு இரு வழிகளுக்கும் 0.707. இரண்டாவது கண்ணாடியில், மேல் கருவிக்கு வந்து சேரும் வீச்சு 0.5 + 0.5 = 1. கீழ்க் கருவிக்கு 0.5 − 0.5 = 0. அதாவது மேல் கருவி ஒவ்வொரு முறையும் ஒலிக்கும், கீழ்க் கருவி ஒருமுறைகூட ஒலிக்காது. இப்போது ஃபோட்டான் எந்த வழியில் போனது என்பதற்குப் பாதையில் எங்காவது ஒரு தடயம் பதியும்படி செய்யுங்கள். உடனே கணக்கு மாறிவிடும். தனித்தனியாக வர்க்கம் எடுத்த பிறகே கூட்ட வேண்டும்: 0.25 + 0.25 = 0.5. இரண்டு கருவிகளும் பாதிப்பாதி ஒலிக்கும்.

கூட்டிவிட்டு வர்க்கம் எடுப்பதா (இதுதான் குறுக்கீடு), வர்க்கம் எடுத்துவிட்டுக் கூட்டுவதா? குவாண்டம் விநோதம் என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்த வரிசை மாற்றத்துக்குள் அடங்கிவிடும். ஒற்றை ஃபோட்டான்களை வைத்து இதை 1986-ல் பிரான்சில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் செய்துகாட்டினார்கள். சோதனை மேடையில் இது சுலபமாகக் கெட்டுப்போகும். 633 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் ஒரு பாதை மற்றதைவிட 316 நானோமீட்டர் நீண்டால் போதும், ஒலிக்கும் கருவி அமைதியாகிவிடும், அமைதியாக இருந்தது ஒலிக்கும். மேசை அதிர்வும் அறையின் வெப்பநிலை ஏற்ற இறக்கமும் இதைத் தாராளமாகச் செய்யும். பாதை தொடர்ந்து ஆடிக்கொண்டிருந்தால் சராசரியில் பாதிப்பாதிதான் தெரியும். கத்துக்குட்டிகள் அதைப் பார்த்து, “யாரோ அளந்துவிட்டார்கள்” என்று நினைப்பதும் உண்டு. திருகாணியைச் சரியாக முடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வடிகட்டிகள்

செலவில்லாமல் தொட்டுப் பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒளியை முனைவாக்கும், அதாவது அதன் அதிர்வை ஒரே திசைக்கு வடிகட்டும், போலராய்டு தகடுகள் மூன்று போதும். முதல் தகடும் கடைசித் தகடும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் இருந்தால் ஒளி ஊடுருவாது. நடுவில் 45 பாகையில் மூன்றாவது தகட்டைச் செருகினால் வெளிச்சம் திரும்ப வரும். தடுக்கும் பொருளைக் கூட்டினால் ஒளி கூடுகிறது! முதல் தகட்டில் பாதி, அடுத்ததில் பாதி, அதற்கடுத்ததில் பாதி என்று, குறையற்ற தகடுகளில், விழுந்த ஒளியில் எட்டில் ஒரு பங்கு வெளியே வரும். கையில் கிடைக்கும் தகடுகள் ஒளியைக் கொஞ்சம் விழுங்குவதால் இதைவிடக் குறையும்.

இரண்டு இடங்களில் தவறு நேரும். நடுத் தகட்டை இடையில் செருகாமல் வெளியே வைத்தால் இருள் இருளாகவே இருக்கும். முப்பரிமாணத் திரைப்படக் கண்ணாடிகளைப் பயன்படுத்தினால் அவற்றில் பல வட்ட முனைவாக்க வகை. ஒரு பக்கம் வைத்தால் வேலை செய்யும், திருப்பி வைத்தால் செய்யாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிரகாசமான ஒளியில் இந்தச் சோதனை குவாண்டம் கோட்பாட்டை நிரூபிக்காது. 1809-ல் மாலுஸ் கண்ட விதியும் பழைய ஒளியலைக் கோட்பாடும் சேர்ந்தே இதை விளக்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு ஃபோட்டான் என்று அனுப்பும்போதுதான் கேள்வி கூர்மையாகிறது. பாதி ஃபோட்டான் என்று ஒன்று கிடையாது. அது முழுதாகக் கடக்கும், அல்லது முழுதாக நிற்கும். எது நடக்கும் என்று அந்த ஃபோட்டானுக்குள் முன்கூட்டியே எழுதியிருக்கிறதா? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஜான் பெல் என்ற இயற்பியலாளரிடம் போகும்போது தேவைப்படும்.

சிக்கலின் கணு

இரண்டாம் விதியில் தற்செயல் இல்லை; மூன்றாம் விதி முழுக்கத் தற்செயல். அளவீடு வந்தால் இரண்டிலிருந்து மூன்றுக்குத் தாவு என்கிறது மூலம். எது அளவீடு என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறது. உணர்கருவியும் அணுக்களால்தான் ஆனது. அதன் முள்ளும், அதைப் பார்க்கும் கண்ணும் அப்படித்தான். அணுக்கள் இரண்டாம் விதிக்குக் கட்டுப்பட்டவை என்றால், 0.6 மேல் + 0.8 கீழ் என்ற நிலை கருவியைத் தொட்டதும் 0.6 (மேல், முள் இடது) + 0.8 (கீழ், முள் வலது) என்ற கூட்டுநிலையாகத்தான் மாற வேண்டும். நேரியல் சமன்பாடு வேறு எதையும் அனுமதிக்காது. ஆனால் ஆய்வகத்தில் முள் ஒரு பக்கம்தான் நிற்கிறது.

1935-ல் ஷ்ரோடிங்கர், ஓர் அணு சிதைந்தால் நஞ்சு வெளிப்படும் கற்பனைப் பெட்டிக்குள் பூனையை வைத்தது இதைக் கேலி செய்யத்தான். பூனை செத்தும் பிழைத்தும் இருக்கிறது என்று அவர் அறிவிக்கவில்லை. உங்கள் விதியை நேர்மையாகப் பின்பற்றினால் இந்த அபத்தத்தில் கொண்டுபோய் விடும், பாருங்கள் என்றார். பனியன்களில் அச்சாகும் பூனையிடம் இந்தக் கேலி தொலைந்துபோய்விட்டது.

1995-ல் டிம் மாட்லின் என்ற மெய்யியலாளர் இந்தக் கணுவைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். கீழ்க்காணும் மூன்றும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. அலைச்சார்பு ஒரு பொருளைப் பற்றிய முழு விவரத்தையும் தருகிறது. அலைச்சார்பு எப்போதும் இரண்டாம் விதிப்படியே மாறுகிறது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரே ஒரு விடைதான் கிடைக்கிறது. ஏதாவது ஒன்றைக் கைவிட்டே ஆக வேண்டும். உரையாசிரியர்கள் பிரிவது இங்கேதான்.

சூழல் என்ன செய்கிறது?

அதற்கு முன் ஒன்று. ‘பார்ப்பவர்’ என்ற சொல் ஏகப்பட்ட குழப்பத்தை விளைவித்திருக்கிறது. அளவீட்டுக்கு மனமோ உணர்வோ தேவை என்பதற்கு எந்தச் சோதனை ஆதாரமும் இல்லை. மாறாக, தேவையில்லை என்று காட்டும் அழகான சோதனை உண்டு. 1999-ல் வியன்னாவில் 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகளைக் கிராதி (நுண்ணிய பிளவுகளின் வரிசை) வழியே அனுப்பிக் குறுக்கீட்டு வரிகளைப் பெற்றார்கள், அதாவது வீச்சுகள் கூடும் இடங்களும் அழியும் இடங்களும் மாறிமாறி வந்தன. 2004-ல் அதே நகரில் 70 அணுக்கள் கொண்ட ஃபுல்லரீனை லேசரால் சூடேற்றி அனுப்பினார்கள். சூடு ஏற ஏற மூலக்கூறு வழியிலேயே ஃபோட்டான்களை உமிழ்ந்தது. வரிகள் மெல்ல மங்கி மறைந்தன. அந்த ஃபோட்டான்களை யாரும் பிடிக்கவில்லை, பார்க்கவில்லை. மூலக்கூறு எங்கே இருந்தது என்ற தடயம் உலகில் எங்கோ பதிந்தது, அவ்வளவே.

இதற்கு ஒத்திசைவு இழப்பு என்று பெயர். 1970-ல் டீட்டர் சே தொடங்கி, 1980-களில் சூரெக் முதலானவர்கள் வளர்த்த கருத்து. காற்று மூலக்கூறுகளும் ஒளித்துகள்களும் ஒரு பொருளின்மேல் மோதித் தடயத்தை அள்ளிக்கொண்டு போய்விடுகின்றன. அதன்பின் வீச்சுகளைக் கூட்டிவிட்டு வர்க்கம் எடுக்க வழியில்லை. வேகம் மலைக்க வைக்கும். 10 மைக்ரோமீட்டர் தூசி ஒன்று, தன் அளவுக்கே இடைவெளி கொண்ட இரண்டு இடங்களின் கூட்டுநிலையில் இருக்கிறது என்று வையுங்கள். சாதாரணக் காற்றில் அந்த ஒத்திசைவு ஏறத்தாழ 10⁻³¹ நொடியில் அழியும். ஆய்வகத்தின் மிகச் சிறந்த வெற்றிடத்தில்கூட 10⁻¹⁴ நொடிதான். விண்வெளியின் பின்னணிக் கதிர்வீச்சு மட்டுமே மிஞ்சினாலும் ஒரு நொடி அளவில் கதை முடிந்துவிடும்.

எனவே பூனையை ஏன் கூட்டுநிலையில் காண்பதில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டதா? குறுக்கீட்டு வரிகளை ஏன் காண்பதில்லை என்பதற்குக் கிடைத்துவிட்டது. இரண்டில் ஏன் ஒன்று மட்டும் நிகழ்ந்தது என்பதற்குக் கிடைக்கவில்லை. ஒத்திசைவு இழப்பு முழுக்க முழுக்க இரண்டாம் விதிக்குள் நடப்பது. பூனையின் கூட்டுநிலையைக் காற்றும் சுவரும் அறையும் சேர்ந்த பெருங்கூட்டுநிலையாக அது விரித்துவிடுகிறது, அழிப்பதில்லை. “அல்லது” வேண்டிய இடத்தில் இன்னமும் “மற்றும்” தான் நிற்கிறது. ஒத்திசைவு இழப்பு அளவீட்டுச் சிக்கலைத் தீர்த்துவிட்டது என்று எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தில் வழுக்குகின்றன.

பெல் வைத்த பரீட்சை

“ஃபோட்டானுக்குள் விடை ஏற்கெனவே எழுதியிருக்கும், நமக்குத்தான் தெரியவில்லை” என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் எண்ணம். 1935-ல் ஐன்ஸ்டைன், பொடால்ஸ்கி, ரோசன் மூவரும் கிட்டத்தட்ட இதைத்தான் வாதிட்டார்கள். இது காலத்துக்கும் தீராத தத்துவச் சண்டை என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1964-ல் ஜான் பெல் அதைக் கூட்டல் கணக்காக மாற்றினார்.

காப்பியடிக்கத் திட்டமிட்ட இரண்டு மாணவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு அறைகளில் உட்கார வைத்து, சாத்தியமான மூன்று கேள்விகளில் ஆளுக்கொன்று கேட்கிறோம். ஒரே கேள்வி கேட்டால் ஒரே விடை வருகிறது, ஒருமுறைகூடத் தவறவில்லை. ரகசியம் எளிது: மூன்று கேள்விகளுக்கும் விடைகளை முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

இப்போது மாணவர்களின் இடத்தில், ஒரே மூலத்திலிருந்து பிறந்து எதிரெதிர்த் திசையில் பறக்கும் பின்னிப்பிணைந்த (இரண்டுக்கும் சேர்த்து ஒரே அலைச்சார்பு கொண்ட) இரண்டு ஃபோட்டான்கள். கேள்விகளின் இடத்தில், 0, 30, 60 பாகைகளில் வைத்த வடிகட்டிகள். விடை: கடந்தது அல்லது நின்றது. இரு பக்கமும் ஒரே கோணம் என்றால் விடைகள் எப்போதும் ஒத்துப்போகும். 0-வும் 30-ம் என்றால் 25 சதவீதம் முரண்படும். 30-ம் 60-ம் என்றாலும் 25 சதவீதம்.

அப்படியானால் 0-வும் 60-ம் என்றால் எவ்வளவு முரண்படலாம்? விடைகள் முன்பே எழுதப்பட்டிருந்தால் இரு ஃபோட்டான்களிடமும் ஒரே பட்டியல் இருக்கிறது. அந்தப் பட்டியலில் 0-க்கான விடையும் 60-க்கான விடையும் வேறுபட்டால், நடுவிலுள்ள 30-க்கான விடை இரண்டில் ஏதாவது ஒன்றோடு முரண்பட்டே தீரும். ஆகவே மேல்வரம்பு 25 + 25 = 50 சதவீதம். குவாண்டம் கணக்கு என்ன சொல்கிறது? கோண வித்தியாசத்தின் சைன் மதிப்பை வர்க்கம் எடுக்க வேண்டும். 60 பாகைக்கு 75 சதவீதம். இயற்கை எதன் பக்கம் என்பதை அளந்து பார்த்தால் போதும்.

இயற்கை குவாண்டம் கணக்கின் பக்கம் நிற்கிறது. ஆய்வகங்களில் இதன் இன்னொரு வடிவத்தை, 1969-ல் கிளவுசர், ஹோர்ன், ஷிமோனி, ஹோல்ட் எழுதியதை, அதிகம் பயன்படுத்துகிறார்கள். நான்கு கோண இணைகளில் விடைகள் ஒத்துப்போகும் அளவுகளைக் கூட்டிக் கழித்து ஓர் எண் எடுப்பார்கள். முன்பே பேசி வைத்த விடைகளுக்கு அதில் மேல்வரம்பு 2. குவாண்டம் கோட்பாட்டில் 2.828 வரை போகலாம். முழுப் பட்டியலுக்குப் பதிலாக வெறும் நிகழ்தகவுகளைச் சுமந்து சென்றாலும் 2-ஐத் தாண்ட முடியாது. 1972-ல் ஃபிரீட்மனும் கிளவுசரும் முதல் சோதனையைச் செய்தார்கள். 1982-ல் அஸ்பே குழு, ஃபோட்டான்கள் பறந்துகொண்டிருக்கும்போதே கோணத்தை மாற்றியது.

இருந்தும் ஓட்டைகள் இருந்தன. அவற்றை அடைக்க ஏன் இத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே ஒரு பாடம். ஒன்று, இரு பக்கக் கருவிகளுக்கும் இடையே ஒளி போய்ச்சேரும் நேரம் இருந்தால், ரகசியச் செய்தி போயிருக்கலாம் என்று வாதிடலாம். இரண்டு, பிடிபடாமல் தப்பும் ஃபோட்டான்கள். “பிடிக்காத கேள்வி வந்தால் பரீட்சைக்கே வராமல் இருந்துவிடுவது” என்று மாணவர்கள் பேசி வைத்திருந்தால், வந்தவர்களின் விடைகளை மட்டும் எண்ணுகிற நாம் ஏமாறுவோம். நன்கு பின்னிய இணைகளில் இந்த ஓட்டையை அடைக்க, கருவிகள் வருகிற ஃபோட்டான்களில் ஏறத்தாழ 83 சதவீதத்துக்கு மேல் பிடிக்க வேண்டும். பழைய கருவிகள் அதற்கு அருகில்கூட வரவில்லை.

2015-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், ஆஸ்திரியாவின் வியன்னா, அமெரிக்காவின் போல்டர் ஆகிய மூன்று இடங்களில் இரண்டு ஓட்டைகளும் ஒரே சோதனையில் அடைக்கப்பட்டன. டெல்ஃப்டில், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு வைரத் துண்டுகளுக்குள் இருந்த எலெக்ட்ரான்களைப் பின்னி, 245 முறை அளந்தார்கள், 2 என்ற வரம்பைத் தாண்டி 2.42 கிடைத்தது. 2022-ல் அஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் பொருளைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாம் என்று பொருளில்லை. எதிர்ப்பக்கத்தில் கோணத்தை எப்படித் திருப்பினாலும் இந்தப் பக்கத்தில் பாதி கடக்கும், பாதி நிற்கும். இங்கே தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது. இரு பட்டியல்களையும் பின்னர் அருகருகே வைத்து ஒப்பிட்டால்தான் தொடர்பு வெளிப்படும். பெல்லின் வாதம் மூன்று கால்களில் நிற்கிறது: ஒரு பக்கத் தேர்வு மறுபக்க விடையை மாற்றாது, கோணத் தேர்வுக்கும் ஃபோட்டான் சுமக்கும் தகவலுக்கும் தொடர்பில்லை, ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரே விடை. இவற்றில் ஒரு கால் உடைந்திருக்கிறது. எது என்று சோதனை சொல்லவில்லை.

உரைகளும் பாடபேதங்களும்

கோபன்ஹேகன் உரை என்று பாடநூல்கள் சொல்வது ஒற்றை உரையே அல்ல. நீல்ஸ் போரும் ஹைசன்பர்க்கும் முக்கியமான இடங்களில் வேறுபட்டார்கள். பொதுவாக எஞ்சுவது இவ்வளவுதான்: கருவிகளை அன்றாட மொழியில் பேசுவோம், அணுவைக் குவாண்டம் மொழியில் பேசுவோம், இரண்டுக்கும் இடையே ஒரு கோடு இருக்கட்டும். கோட்டை எங்கே போட்டாலும், போதுமான அளவு பெரிய பக்கத்தில் போட்டால், விடை மாறாது. வேலைக்கு இது போதும். ஆனால் கோடு எங்கே என்ற கேள்விக்கு “வசதிப்படி” என்பது விடை ஆகுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

அலைச்சார்பு முழு விவரம் அல்ல என்பது டேவிட் போமின் வழி. 1927-ல் டி பிராய் முன்வைத்துக் கைவிட்டதை 1952-ல் போம் முழுமைப்படுத்தினார். இதில் துகளுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அலை அதற்கு வழிகாட்டுகிறது. அரைக்கண்ணாடிச் சோதனையில் துகள் ஒரு வழியில் மட்டும் போகிறது, அலை இரண்டிலும் போகிறது. பெல்லின் முதல் காலை இது வெளிப்படையாகவே உடைக்கிறது: ஒரு துகளின் வேகம், அந்தக் கணத்தில் தொலைவிலுள்ள துகள் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. “அந்தக் கணத்தில்” என்ற சொல்லுக்கு ஐன்ஸ்டைனின் சார்பியலில் எல்லோருக்கும் பொதுவான பொருள் இல்லை. இந்த உரைக்குத் தீராத தலைவலி அதுதான்.

ஒரே விடை என்பதைக் கைவிடுவது ஹ்யூ எவரெட்டின் 1957-ஆம் ஆண்டு வழி, அதாவது பல உலகங்கள். புதிதாக எதையும் சேர்க்காமல் மூன்றாம் விதியை அடித்துவிட்டால் மிஞ்சுவது இதுதான். “மற்றும்” என்பதை அப்படியே ஏற்பது. உலகங்கள் அதிகம் என்பது பலமான ஆட்சேபம் அல்ல. நிகழ்தகவுதான் உண்மையான இடறல். 0.6, 0.8 வீச்சுகளில் இரண்டு கிளைகள் பிறக்கின்றன; இரண்டுமே நிகழ்கின்றன. பிறகு 36, 64 என்ற எண்கள் எங்கிருந்து வருகின்றன? கிளைகளை எண்ணினால் பாதிப்பாதி அல்லவா? இதற்கு எவரெட்டின் வழிவந்தவர்கள் பந்தய முடிவுகளின் பகுத்தறிவை வைத்துத் தந்திருக்கும் நிரூபணங்கள் நுட்பமானவை. எல்லோரையும் நம்ப வைத்தவை அல்ல.

இரண்டாம் விதியைத் தொடுவது பாடபேதம். 1986-ல் கிரார்டி, ரிமினி, வெபர் மூவரும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டில் ஒரு தற்செயல் உதறலைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு துகளும் நொடிக்கு 10⁻¹⁶ என்ற வீதத்தில் தானாகவே ஓரிடத்தில் சுருங்கும். தனித்த துகளுக்கு இது சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு ஒருமுறை, கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் கருவியின் முள்ளில் 10²³ துகள்கள் இருந்தால் நொடிக்கு ஒரு கோடி உதறல். ஒரு துகள் சுருங்கினால் பின்னிப்பிணைந்த மற்றவையும் கூடவே சுருங்கும், முள் ஒரு பக்கம் நிற்கும். அழகான தந்திரம். சோதனைக்குக் கழுத்தை நீட்டுகிற நேர்மையும் இதில் இருக்கிறது: உதறல் உண்மையானால் பெரிய மூலக்கூறுகளில் குறுக்கீட்டு வரிகள் மறைய வேண்டும், மின்னூட்டத் துகள்கள் சிறிதளவு கதிர்வீச்சை உமிழ வேண்டும். 2019-ல் ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலும் வரிகள் தெரிந்தன. இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியிலுள்ள ஆய்வகத்தில் கதிர்வீச்சைத் தேடியபோது, ஈர்ப்பால் சரிவு நிகழ்கிறது என்னும் டியோசி–பென்ரோஸ் மாதிரியின் மிக எளிய வடிவம் விலக்கப்பட்டது. கிரார்டி குழுவின் மூல எண்கள் இன்னும் விலக்கப்படவில்லை.

அலைச்சார்பு உலகத்தைப் பற்றியதே அல்ல, அதைப் பயன்படுத்துபவரின் எதிர்பார்ப்புகளைப் பற்றியது என்று சொல்வோரும் உண்டு. அப்படிப் பார்த்தால் சரிவு என்பது செய்தி கேட்டபின் பந்தயத்தை மாற்றிக்கொள்வது போன்றது, மர்மம் ஒன்றுமில்லை. ரொவெல்லி 1996-ல் எழுதிய சார்புநிலை உரை இதற்குப் பக்கத்து வீடு: ஒரு பொருளின் நிலை எப்போதும் இன்னொரு பொருளைச் சார்ந்தே சொல்லப்படும். இவற்றிடம் கேட்க வேண்டியது, எல்லோருக்கும் பொதுவான நிகழ்வு என்று ஏதாவது மிஞ்சுகிறதா என்பதை.

வெளியே கொண்டுபோகும்போது

இந்தச் சண்டைகளுக்கு நடைமுறைப் பலன் இல்லை என்பது தவறு. விடைகள் முன்பே எழுதப்படவில்லை என்றால், ஒட்டுக்கேட்பவர் திருடுவதற்கும் எதுவும் இல்லை. 1984-ல் பென்னெட்டும் பிரசார்டும் முன்வைத்த ரகசியத் திறவுகோல் முறை அளவீடு தடயம் விடும் என்பதைப் பயன்படுத்துகிறது. 1991-ல் எக்கர்ட் பெல் சோதனையையே பூட்டின் காவலாளி ஆக்கினார். கருவியைச் செய்தவரை நம்பாமலே, 2-ஐத் தாண்டிய எண்ணை மட்டும் பார்த்து, வெளிவரும் இலக்கங்கள் யாராலும் முன்கூட்டி அறிய முடியாதவை என்று சான்றளிக்கலாம்.

குவாண்டம் கணினி எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்கிறது என்ற வாக்கியத்தை எச்சரிக்கையோடு படியுங்கள். எல்லா வீச்சுகளும் உள்ளே ஓடுவது சரி. ஆனால் அளந்தால் ஒன்றுதான் கையில் வரும், அதுவும் தற்செயலாக. தவறான விடைகளின் வீச்சுகள் 0.5 − 0.5 என்று ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும்படி செய்முறையை அமைப்பதில்தான் திறமை இருக்கிறது. அப்படி அமைக்கத் தெரிந்த கணக்குகள் சிலவே.

இடமும் வேகமும் ஒருசேரக் கூர்மையாக இருக்க முடியாது என்னும் ஐயப்பாட்டுக் கொள்கையைக் கருவியின் முரட்டுத்தனம் என்று விளக்குவதும் பாதி வழியில் நின்றுவிடும். 0.1 நானோமீட்டருக்குள் அடைபட்ட எலெக்ட்ரானின் வேகத்தில் குறைந்தது நொடிக்கு 580 கிலோமீட்டர் பரவல் இருந்தே தீரும். அதை யாரும் தொடாவிட்டாலும்தான்.

மனமே உலகைப் படைக்கிறது, எண்ணத்தின் அதிர்வு நோயைத் தீர்க்கும் என்று குவாண்டத்தின் பெயரால் விற்கப்படுபவற்றுக்கு மேலே சொன்ன எந்த உரையிலும் இடமில்லை. சூடான ஃபுல்லரீனை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதன் வரிகள் மறைந்துதான் போயின.

உரைகளுக்கு இடையே தீர்ப்புச் சொல்லக்கூடிய சோதனை கற்பனையிலாவது உண்டா? உண்டு. 1961-ல் விக்னர் தம் நண்பரை மூடிய அறையில் வைத்து அளக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டார். அறைக்குள் நண்பர் ஒரு விடையைக் கண்டுவிட்டார். வெளியே விக்னருக்கோ அறை முழுவதும் இன்னும் கூட்டுநிலையில்தான். 1985-ல் டாய்ச் இதைச் சோதனையாக வரைந்தார்: நண்பரின் இடத்தில் குவாண்டம் கணினிக்குள் ஓடும் ஒரு செயற்கை அறிவு. அது “ஏதோ ஒரு விடையைக் கண்டேன்” என்று மட்டும் எழுதி வைக்கட்டும், எந்த விடை என்று எழுதக் கூடாது. பிறகு எல்லாப் படிகளையும் பின்னோக்கி ஓட்டிக் குறுக்கீட்டைத் தேட வேண்டும். குறுக்கீடு தெரிந்தால், அறிவு விடையைக் கண்டபோது சரிவு எதுவும் நிகழவில்லை. தெரியாவிட்டால், மற்ற கோளாறுகள் எதுவும் இல்லையென்று உறுதிப்படுத்திய பின், இரண்டாம் விதி உடைந்திருக்கிறது. பெரிய இடறல் பொறியியலில்: சிந்திக்கும் அமைப்பு ஒன்றின் ஒவ்வொரு தடயத்தையும், வெளியே ஒரே ஒரு ஃபோட்டான்கூடக் கசியாமல், திருப்பி அழிக்க வேண்டும். தூசிக்கே 10⁻³¹ நொடி. அந்த இயந்திரம் இன்னும் யாரிடமும் இல்லை.